புதுத்தொட்டியைச் ‘சைக்கிள்’ செய்வதற்குத் தமிழ்ச்சொல்: ‘பதமாக்கல்’

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

கடல்நீர் மீன்தொட்டியொன்றை அமைத்த பின், அதில் மீனையோ முருகையையோ விடுவதற்கு முன் மீன்கழிவிலிருந்து எழும் நச்சான அமோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் பெருகும்வரை காத்திருக்க வேண்டிய அந்த முதற்கட்டத்துக்கு (ஆங்கிலத்தில் ‘சைக்கிள்’ செய்தல்) நம் கலைச்சொற் பட்டியலில் தமிழில் என்ன பெயரிடுவது என்ற உரையாடலைத் தொடக்கத்திலிருந்து படித்து வந்தேன். ‘சுழற்சி’, ‘பற்றீரியா வளர்ப்பு’, ‘பழக்குதல்’ ஆகிய மூன்றும் இதுவரை முன்மொழியப்பட்டுள்ளன. நெடுங்காலம் விட்டிருந்த முருகைத் தொட்டி வளர்ப்பைக் கிளிநொச்சியில் இவ்வாண்டு மீண்டும் தொடங்கியிருப்பவன் என்ற முறையிலும், அதைப் பார்த்துத் தாமும் தொட்டி வைக்க விரும்பும் மாணவர்களுக்குத் தமிழில் விளக்க வேண்டியவன் என்ற முறையிலும், ‘பதமாக்கல்’ என்ற நான்காவது சொல்லை முன்வைத்து, அதற்கான காரணங்களை எழுதுகிறேன். (தமிழகத்து அன்பர்கள் பவளம் என்பதை நாங்கள் முருகை என்றும் முருகைக்கல் என்றும் வழங்குகிறோம். இம்மடலில் அவ்வழக்கையே கையாள்கிறேன்.)

முதலில் ‘சுழற்சி’. இயற்கையில் நைதரசன் வளியிலும் மண்ணிலும் உயிர்களிலும் மாறிமாறிச் சுற்றிவரும் நைதரசன் வட்டத்தின் ஆங்கிலப் பெயரைச் (nitrogen cycle) சுருக்கி மீன் வளர்ப்போர் பேச்சுவழக்கில் ஆக்கிக்கொண்ட வினையை அப்படியே எடுத்துத் தந்த சொல் இது. தமிழில் மீன்தொட்டியைப் பற்றிப் பேசும்போது ‘சுழற்சி’ என்றால், கேட்பவர் மனத்தில் வருவது நீரின் சுழற்சியே. புதுக்குடியிருப்பில் எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், ‘மீன் விடுமுன் சுழற்சி முடிய வேண்டும்’ என்ற தமிழ் விளக்கமொன்றைக் கேட்டு, பம்பியை இரவு பகலாக ஓடவிட்டு, நீர் தெளிந்து நன்றாகச் சுழல்வதைக் கண்டபின் மீன்களை விட்டார். அவை ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. அவர் சொன்னதைச் சொன்னபடி செய்தவர். பிழை சொல்லில் இருந்தது. கடல்நீரில் இப்பிழையின் விலை நன்னீரைவிடக் கூடுதலானது. அமோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது: நச்சுத்தன்மை குறைந்த அமோனியம் அயனாகவும், செவுள்களை ஊடுருவிக் கொல்லும் அமோனியாவாகவும். நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பீ.எச் பெறுமானம் ஓர் அலகு உயர, நச்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. கடல்நீரின் பெறுமானம் பெரும்பாலான நன்னீர்த் தொட்டிகளைவிட உயர்ந்து 8.2 அளவில் நிற்பதால், நன்னீர்த் தொட்டியில் மீன் தாங்கிக்கொள்ளும் அதே அளவு அமோனியாவை முருகைத் தொட்டியில் மீன் தாங்காது.

அதைவிட ஆழமான ஒரு குறையும் ‘சுழற்சி’யில் உண்டு. தொட்டியில் நடப்பது வட்டமே அன்று. நுண்ணுயிர்களால் அமோனியா நைத்திரைற்றாகிறது (nitrite), நைத்திரைற்று நைத்திரேற்றாகிறது (nitrate), பெரும்பாலான தொட்டிகளில் பயணம் அங்கேயே நின்றுவிடுகிறது. கல்லின் உள்ளே ஒட்சிசன் எட்டாத நுண்குழிகளில் ஒரு பகுதி நைதரசன் வாயுவாக மாறி வெளியேறலாம். எஞ்சியதை நாம் நீர் மாற்றித்தான் அகற்றுகிறோம், அல்லது பாசி உறிஞ்ச விட்டு அப்பாசியை அறுத்து எடுக்கிறோம். தொடங்கிய இடத்துக்குத் திரும்பாத ஒன்றைச் சுழற்சி என்று மாணவனுக்குக் கற்பிப்பது எனக்கு உடன்பாடானதன்று. உயிரியல் பாடத்தில் நைதரசன் வட்டம் அதன் பெயரிலேயே இருக்கட்டும்.

‘பற்றீரியா வளர்ப்பு’ என்பது அறிவியலுக்கு நெருக்கமான முன்மொழிவு. அதை முன்வைத்தவரின் அக்கறையை மதிக்கிறேன். ஆயினும் இச்செயலைச் செய்யும் உயிர்கள் எவை என்ற விடை பல தடவை மாறியிருக்கிறது. 1890 அளவில் நுண்ணுயிரியலாளர் வினோகிராட்ஸ்கி நைத்திரேற்றாக்கம் (மேலே சொன்ன இரண்டு படி மாற்றம்) செய்யும் பற்றீரியாக்களைப் பிரித்தெடுத்தார். அதன்பின் மீன் வளர்ப்பு நூல்கள் அமோனியாவை மாற்றும் நைத்திரோசோமோனாஸ், நைத்திரைற்றை மாற்றும் நைத்திரோபக்டர் என்ற பற்றீரியா இணையையே நெடுங்காலம் சொல்லி வந்தன. நன்னீர் மீன்தொட்டிகளில் நைத்திரைற்றை மாற்றுவது நைத்திரோபக்டர் அன்று, நைத்திரோஸ்பைராவை ஒத்த பற்றீரியாக்களே என்று 1998இல் ஓர் ஆய்வு காட்டியது. 2005இல் வந்த கண்டுபிடிப்பு நம் விவாதத்துக்கு இன்னும் நெருக்கமானது: அமோனியாவை ஒட்சியேற்றும் ஆர்க்கியா (பற்றீரியாவிலிருந்து வேறான நுண்ணுயிர்ப் பிரிவு) ஒன்று முதன்முதலாகத் தனித்து வளர்க்கப்பட்டது, அமெரிக்காவின் சியாற்றில் நகரக் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தின் வெப்பமண்டலத் தொட்டி ஒன்றிலிருந்து எடுத்த சரளையிலிருந்துதான். நைத்திரோசோப்யூமிலஸ் மரிற்றிமஸ் எனப் பெயரிடப்பட்ட அது பற்றீரியா இனத்தைச் சேர்ந்ததே அன்று. 2015இல், அமோனியாவிலிருந்து நைத்திரேற்று வரையான இரண்டு படிகளையும் தனியொருவராகவே முடிக்கும் நைத்திரோஸ்பைராக்களும் அறியப்பட்டன. செய்பவரின் பெயரை உள்ளே வைத்த சொல் ஒவ்வொரு கண்டுபிடிப்போடும் பழுதாகும். தொட்டி அடையும் நிலையைச் சுட்டும் சொல் நிலைத்து நிற்கும்.

‘பழக்குதல்’ மூன்றிலும் நல்ல சொல். அதை நான் ஏற்காததற்கு ஒரே காரணம், அது வேறோர் இடத்துக்குக் கட்டாயம் தேவைப்படுகிறது என்பதுதான். கடையிலிருந்து கொண்டுவந்த மீனை, அது வந்த பையின் நீரில் தொட்டி நீரைத் துளித்துளியாகச் சேர்த்து, புதிய உவர்த்தன்மைக்கு உடல் இணங்கச் செய்கிறோம் அல்லவா? அதற்குத் தமிழில் மீனைப் பழக்குதல் என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. தொட்டியையும் பழக்கி மீனையும் பழக்கினால், வழிகாட்டி நூல் படிப்பவர் எதை எப்போது செய்வதென்று தடுமாறுவார்.

இனி ‘பதம்’. வன்னியில் மாரி மழை விழுந்ததும் எவரும் உடனே கலப்பையை இறக்குவதில்லை. ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டி, விரலால் நசித்து, பதம் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே உழுவார்கள். பதம் என்பது வெளியே தெரியாத ஓர் ஆயத்த நிலை, காலமும் ஈரமும் சேர்ந்து கொண்டுவருவது, அவசரப்படுத்த முடியாதது, சோதித்து மட்டுமே அறியக்கூடியது. புதுத்தொட்டிக்கு நாம் சொல்ல விரும்புவது இந்த நான்கையும்தான்.

இச்சொல்லை எடுத்தால் உடன்வரும் சொற்களும் தாமாக அமைகின்றன. அமோனியாவையும் நைத்திரைற்றையும் சோதிப்பது ‘பதம் பார்த்தல்’. இரண்டும் பூச்சியமாகி நைத்திரேற்று மட்டும் எஞ்சும் நிலை ‘பதம் வருதல்’. பொதுவாக அதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். மின்தடையால் ஒட்சிசன் இல்லாது போயோ, மருந்திட்டோ நுண்ணுயிர்கள் மடிந்து அமோனியா மீண்டும் ஏறினால் ‘பதம் குலைதல்’. என் தொட்டியில் சந்தையில் வாங்கிய ஓர் இறாலை வலைத்துணியில் முடிந்து தொங்கவிட்டிருந்தேன். அது அழுகி அமோனியா ஏற, சோதனைக்குழாயில் மஞ்சளாக இருக்க வேண்டிய திரவம் கரும்பச்சையாகத் திரண்டது. பின்னர் பச்சை வெளிறி மஞ்சளுக்குத் திரும்பிக்கொண்டிருக்கையில், நைத்திரைற்றுக் குழாய் கடும் ஊதாவாக நின்றது. அதே வேளையில் வெண்மணல்மீது கபில நிறத்தில் தயற்றம் (diatom) என்ற நுண்பாசி மெல்லிய தூளாகப் படிந்தது. அருகில் நின்ற மாணவர் ஒருவர், ‘பாதிப் பதம் வந்திருக்கிறது’ என்று எவரும் சொல்லிக்கொடுக்காமலே சொன்னார். இச்சொல்லை முன்மொழியும் துணிவு எனக்கு அதனால் வந்தது.

பதமாவது தொட்டியா, நீரா என்பதையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். முல்லைத்தீவுக் கடலில் அள்ளிவந்த நீர் ஏற்கெனவே உயிருள்ள நீர், ஆகவே காத்திருக்கத் தேவையில்லை என்ற எண்ணம் இங்கே பலரிடம் உண்டு. தொட்டியில் இவ்வேலையைச் செய்யும் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை நீரில் மிதப்பவை அல்ல. கல், மணல், வடிகட்டி ஆகியவற்றின் பரப்பில் படலமாக ஒட்டி வாழ்பவை. எந்த நீரை ஊற்றினாலும் அப்பரப்பில் அவை குடியேறிப் பெருக வேண்டும். (மாரியில் வட்டுவாகல் முகத்துவாரம் திறந்து நந்திக்கடல் களப்பின் நீர் கடலில் கலக்கும் காலத்தில், அப்பகுதிக் கரையோர நீரின் உவர்த்தன்மை கிலோவுக்கு 35 கிராம் என்ற அளவிலிருந்து இறங்கிவிடும் என்பதையும் அள்ளச் செல்வோர் நினைவிற்கொள்ள வேண்டும்.) ஆகவே ‘நீர் பதமாக்கல்’ என்று எழுதாமல் ‘தொட்டி பதமாக்கல்’ என்றே எழுதுவோம்.

‘பதப்படுத்தல்’ என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறதே என்று கேட்கலாம். அது மீனையும் பழங்களையும் கெடாமல் காக்கும் தொழிலுக்கு உரியதாகிவிட்டது. மீன்தொட்டி பற்றிய நூலில் ‘பதப்படுத்திய’ என்று எழுதினால் தகரத்தில் அடைத்த மீன் நினைவுக்கு வரும். ‘முதிர்தல்’ என்பதை, பல மாதங்கள் கழித்துக் கற்கள்மீது ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசி படர்ந்து, முருகைகள் நின்று வளரும் நிலைக்கு வைத்துக்கொள்ளலாம். பதம் வந்த தொட்டி எல்லாம் முதிர்ந்த தொட்டி அன்று. இந்த வேறுபாடு தொடக்கத்திலேயே தெரிந்திருந்தால் பலர் அவசரப்பட்டு முருகை வாங்க மாட்டார்கள்.

பட்டியலில் உள்ள மற்றச் சொற்களைச் சுருக்கமாகவே தொடுகிறேன். காற்றுக்குமிழிகளின் பரப்பில் கழிவை ஒட்டவைத்து நுரையாக வெளியேற்றும் கருவிக்கு ‘நுரைபிரிப்பான்’ போதும். அது பிரிப்பது புரதத்தை மட்டும் அன்று என்பதால் ‘புரதநீக்கி’ வேண்டாம். நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிவை இறுத்து, கல்சியத்துக்கும் காரத்தன்மைக்கும் சொட்டுச் சொட்டாக விடும் நீருக்கு ‘சுண்ணாம்புத் தெளிநீர்’ என்பதில் எவருக்கும் மாற்றுக்கருத்து இருக்காது. நுண்ணுயிர்கள் குடியேறிய கல்லைக் குறிக்கும் ‘உயிர்ப்பாறை’ (live rock) என்பதை மட்டும் மாற்றக் கேட்கிறேன். கல்முருகைகள் இலங்கையில் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. உயிர்ப்பாறை வேண்டும் என்று நூலில் படிக்கும் சிறுவர் கடலில் இறங்கி உயிருள்ள முருகையைப் பெயர்த்துவர நாம் இடங்கொடுக்கக் கூடாது. உயிர் ஏதும் இல்லாத ‘வெறுங்கல்’லை வாங்கித் தொட்டியில் இட்டு, பதம் வந்தபின் அதை ‘உயிரேறிய கல்’ என்போம். அப்போது உயிர் கடலிலிருந்து பிடுங்கி எடுக்கப்படுவதில்லை, தொட்டியிலேயே ஏறுகிறது என்ற செய்தி சொல்லிலேயே இருக்கும்.

தமிழகத்து அன்பர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் பகுதிகளில் ‘பதம்’ இதே பொருளில் உழவர் பேச்சில் வழங்குகிறதா, அல்லது சமையலோடு நின்றுவிட்டதா? வழங்குமானால் ‘பதமாக்கல்’ என்பதையே பொதுச்சொல்லாகப் பட்டியலில் ஏற்றலாம். இல்லையெனில் ‘தொட்டி ஆயத்தம்’ என்ற விளக்கத்தையும் அதன் அருகே சேர்த்து எழுத நான் உடன்படுகிறேன்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து