முழு மயக்கத்தில் இருக்கும்போது காதில் பாட்டு போட்டால் பலன் உண்டா?

ஈரக்காற்று எழுதியது:

அம்மாவுக்கு அடுத்த வாரம் பித்தப்பை ஆபரேஷன். சின்னத் துளைகள் வழியே செய்யும் லேப்பராஸ்கோப்பிதான், பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள், ஆனால் முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்களாம். அம்மாவுக்கு வயது 62. கத்தி, தையல் என்று நான் ஆறுதல் சொல்லப் போனால், "அதெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், எதுவுமே தெரியாமல் நான் அங்கே கிடப்பேனே, அதை நினைத்தால்தான் ஒருமாதிரி இருக்கிறது" என்கிறார். நேற்று ராத்திரி வழக்கம்போல் படுக்கையில் புல்லாங்குழல் கேட்டுக்கொண்டிருந்தவர், ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "டேய், இதை அங்கே என் காதில் வைக்க விடுவார்களா என்று கேளேன்" என்றார்.

மயக்கத்தில் எதுவும் கேட்காது, அப்புறம் எதற்கு என்கிறாள் தங்கை. அவள் சொல்வது சரிதானா? அந்த நேரத்தில் காது வேலை செய்யுமா, செய்யாதா? டாக்டர்களுக்கு இது இடைஞ்சலாக இருக்குமா? யாரிடம் கேட்க வேண்டும், அறுவை செய்பவரிடமா, மயக்க மருந்து கொடுப்பவரிடமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். கேட்கவே தயக்கமாக இருக்கிறது, ஆனால் அம்மா வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான்.

பத்துஎண்ணு எழுதியது:

மயக்க மருந்து கொடுப்பதுதான் என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் தங்கை சொல்வது பாதி சரி. மயக்க மருந்து காதை அணைத்துவிடுவதில்லை. ஒலி உள்காதுக்குப் போகிறது, நரம்பு வழியே மூளைத்தண்டு வரை போய்ச் சேருகிறது, அதைத் தலையில் மின்முனை ஒட்டி அளக்கவும் முடியும். காது நரம்பை ஒட்டி வளர்ந்த கட்டியை எடுக்கும்போது, நோயாளி ஆழ்ந்த மயக்கத்தில் இருக்க, அவர் காதில் 'டிக் டிக்' என்று ஒலி கொடுத்து, மூளைத்தண்டிலிருந்து வரும் அலையைப் பார்த்தே நரம்பு நலமாக இருக்கிறதா என்று கண்காணிக்கிறார்கள். அந்த அலை மயக்கத்திலும் பெரிதாக மாறாமல் வரும். அடங்கிப்போவது அதற்கு மேலே நடக்கும் வேலை. இது குழல், இது எனக்குத் தெரிந்த மெட்டு என்று மூளைப் புறணி சேர்த்துப் புரிந்துகொள்வது மருந்தின் அளவு ஏற ஏறக் குறைந்துகொண்டே போகும். ஆகவே அம்மா வழக்கமான அர்த்தத்தில் பாட்டைக் 'கேட்க' மாட்டார். ஆனால் ஒலி வாசல் வரைக்கும் வந்து நிற்கிறது என்பது உண்மை.

அந்த வாசல் எப்போதும் முழுக்க மூடியே இருக்கிறது என்றும் நான் சொல்ல மாட்டேன். தசை தளர்த்தும் மருந்து கொடுப்பதற்கு முன்னால் ஒரு கையில் மட்டும் பட்டையைக் கட்டி இறுக்கி, மருந்து அந்தக் கைக்குப் போகாமல் தடுத்து, அது மட்டும் அசையக்கூடியதாக விட்டுவிட்டு, மயக்கத்தில் இருப்பவரிடம் "கேட்கிறதா, கேட்டால் என் கையை அழுத்துங்கள்" என்று சொல்லிப் பார்க்கும் ஒரு சோதனை உண்டு. 2017-ல் வெளியான ஓர் ஆய்வில் 260 பேரிடம் இப்படிச் செய்து பார்த்தபோது, தொண்டையில் டியூப் போட்டதற்குப் பின் 4.6 சதவீதம் பேர் சொன்னதைக் கேட்டுக் கையை அழுத்தினார்கள். இப்படி அழுத்துபவர்களுக்குப் பெரும்பாலும் எழுந்த பிறகு எதுவும் நினைவில் இருப்பதில்லை. இதைப் படித்துவிட்டு அம்மாவிடம் போய்ச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். ஆபரேஷன் நடுவே விழித்து, அது பின்னால் நினைவிலும் நிற்பது மிக அரிது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடத்திய பெரிய கணக்கெடுப்பு 2014-ல் வந்தபோது, ஏறக்குறைய 19,000 மயக்கங்களுக்கு ஒன்று என்ற அளவில்தான் அப்படிப் புகார் வந்திருந்தது. அதிலும் மூன்றில் இரண்டு பங்கு மயக்கம் ஏறும்போதோ தெளியும்போதோ நடந்தவை. அதனால்தான் சொல்கிறேன், பாட்டுக்கு உண்மையான வேலை இருப்பது அந்த இரண்டு முனைகளில்.

கேட்க வேண்டியது மயக்க மருந்து நிபுணரிடம். ஆபரேஷனுக்கு முன்னால் உங்களை அழைத்து ஒவ்வாமை, பழைய நோய், ஆடும் பல் எல்லாம் விசாரிப்பார்களே, அப்போதே கேட்டுவிடுங்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வைத்துக் கேட்டால் யாருக்கும் யோசிக்க நேரம் இருக்காது.

சல்லடை எழுதியது:

நான் மருத்துவத் துறை இல்லை, ஆய்வுகளைப் படித்து அலசுவது என் வேலை. பாட்டு போட்டால் நோய் குணமாகும் என்று சுற்றி வரும் செய்திகளைப் பார்த்து எரிச்சலில்தான் இதைத் தேட ஆரம்பித்தேன். தேடியதில் கிடைத்தது நான் நினைத்ததைவிட நல்லதாகவே இருந்தது.

2015-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பில் 73 சோதனைகள், மொத்தம் 7,000 பேருக்குக் கொஞ்சம் குறைவு. இசை கேட்டவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு வலி குறைவு, பதற்றம் குறைவு, வலிமருந்தும் குறைவாகத் தேவைப்பட்டது. ஆஸ்பத்திரியில் தங்கும் நாள் மட்டும் குறையவில்லை. முழு மயக்கத்தில் இருந்தவர்களுக்கும் பலன் தெரிந்தது, ஆனால் விழித்திருந்தவர்களுக்குத்தான் அதிகம். இன்ன இசைதான் வேண்டும் என்பதும் இல்லை, முன்னாலா நடுவிலா பின்னாலா என்பதிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஹெட்போன் போட்டவருக்குத் தியேட்டர் சத்தம் கேட்காதே, பலன் பாட்டால் வந்ததா, சத்தம் குறைந்ததால் வந்ததா? இதற்கு ஓரளவு பதில் சொல்வது 2020-ல் பி.எம்.ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஜெர்மன் ஆய்வு. 5 ஆஸ்பத்திரிகள், 385 நோயாளிகள், எல்லோருக்கும் முழு மயக்கம், எல்லோர் காதிலும் இயர்போன். ஒரு பாதிப் பேருக்கு மெல்லிய இசையும் அதன் மேல் "நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்" என்பது போன்ற ஆறுதல் பேச்சும் 20 நிமிடம், பிறகு 10 நிமிடம் மௌனம், மறுபடி அதுவே. மறு பாதிக்கு ஒன்றும் பதிவாகாத வெற்று ஒலிநாடா. யாருக்கு எது ஓடுகிறது என்று டாக்டர்களுக்கே தெரியாது. பேச்சு கேட்டவர்களில் 63 சதவீதம் பேருக்குத்தான் பின்னால் ஓபியாய்டு, அதாவது மார்ஃபின் வகை வலிமருந்து தேவைப்பட்டது, வெற்று நாடா கேட்டவர்களில் 80 சதவீதம். காதை அடைத்தது இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்பதால், வித்தியாசம் உள்ளே போன ஒலியால் வந்தது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இதில் இசையும் பேச்சும் ஒன்றாகவே ஓடியதால், பெருமை குழலுக்கா வார்த்தைக்கா என்று பிரிக்க முடியாது, இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது.

மாத்திரையைக் குறைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வலிமருந்து அதன் நேரத்துக்கு வேண்டும், இசை அதற்கு மேல் ஒரு கூடுதல் துணை, அவ்வளவுதான்.

மரப்படி எழுதியது:

என் அனுபவம் முழு மயக்கம் இல்லை, இடுப்பு மூட்டு மாற்று, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தது. வலி துளியும் இல்லை. ஆனால் சத்தம்! ரம்பம் ஓடுகிறது, அப்புறம் சுத்தியல், அடிக்க அடிக்க மேசையோடு சேர்ந்து என் தோளும் ஆடுகிறது, அது என் எலும்பு என்று மூளைக்குத் தெரிகிறது, உடம்புக்குத் தெரியவில்லை. தலைமாட்டில் நின்ற பெண் டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு ஹெட்போனை எடுத்து மாட்டிவிட்டார். அதில் என்ன ஓடியது என்றுகூட எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. ரம்பச் சத்தம் திடீரென்று பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது போல இருந்தது, அது மட்டும் மறக்கவில்லை.

ஈரக்காற்று, உங்கள் அம்மாவுக்கு ரம்பம் எல்லாம் கிடையாது, ஆனால் மயக்கம் ஏறும் முன் அந்த அறையில் படுத்திருக்கும் ஐந்து பத்து நிமிடம் இருக்கிறதே, அது ரொம்ப நீளம். குளிர், மேலே பெரிய விளக்கு, தட்டில் இரும்புச் சாமான் விழும் ஒலி, யாரோ யாரையோ கூப்பிடும் குரல். அந்த நேரத்துக்காவது குழல் இருக்கட்டும், கேட்டு வாங்குங்கள்.

வெள்ளைச்சீருடை எழுதியது:

தம்பி, நான் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எல்லோரும் பாட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் பேச்சைப் பற்றிச் சொல்கிறேன். நோயாளி தூங்கிவிட்டார் என்று அவர் உடம்பைப் பற்றியும் எடையைப் பற்றியும் அவர் எதிரிலேயே பேசுவதை நான் பல காலம் கேட்டிருக்கிறேன், சில நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தும் இருக்கிறேன், அது இன்றைக்கும் எனக்கு வருத்தம். 1965-லேயே ஒரு டாக்டர் பல் ஆபரேஷன் நோயாளிகள் 10 பேருக்கு ஆழ்ந்த மயக்கத்தில், உதடு நீலமாகிறது, நிறுத்துங்கள் என்று பொய்யாக ஒரு பதற்றத்தை நடித்துக்காட்டி, பிற்பாடு அவர்களை ஹிப்னாடிசத்தில் கேட்டபோது, நாலு பேர் கிட்டத்தட்ட அதே வார்த்தைகளைத் திருப்பிச் சொன்னதாக எழுதினார். அந்தச் சோதனையின் முறையில் குறை சொல்வார்கள், இன்று அப்படிச் செய்ய யாரும் அனுமதிக்கவும் மாட்டார்கள். ஆனாலும் அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து நான் மயக்கத்தில் இருப்பவரிடமும் "அம்மா, கையை எடுத்து வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவேன்.

அப்புறம் இன்னொன்று. பாட்டு அம்மா காதுக்கு மட்டும் போகட்டும், அறை முழுக்க வேண்டாம். 20 ஆபரேஷன்களை வீடியோ எடுத்துப் பார்த்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், அறையில் பாட்டு ஓடும்போது டாக்டர் ஒரு கருவியை இரண்டாவது தரம் கேட்க வேண்டிவருவது ஐந்து மடங்கு அதிகமாக இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து சொல்கிறேன், அது சத்தியம்.

பத்துஎண்ணு எழுதியது:

அக்கா சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். மானிட்டரின் 'பீப்' ஒலியே எங்களுக்கு ஒரு பாஷை. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் அந்த ஒலியின் சுருதி இறங்கும், திரையைப் பார்க்காமலே திரும்பிவிடுவோம். அதை மறைக்கிற எந்தப் பாட்டும் அறையில் கூடாது.

ஈரக்காற்றுக்குச் சில நடைமுறை விஷயம். காதை அழுத்தும் பெரிய ஹெட்போன் வேண்டாம், மெத்தென்ற சின்ன இயர்போன் போதும். சத்தம் மெல்லியதாக இருக்கட்டும், கூடிப்போனால் "குறையுங்கள்" என்று சொல்ல முடியாத நிலையில் அம்மா இருப்பார். போனை விமானப் பயன்முறையில் வைத்துவிடுங்கள், நடுவில் அழைப்பு மணி காதுக்குள் அடிக்கக் கூடாது. தூங்கச் சொல்லும்போதும் எழுப்பும்போதும் ஒரு காதைக் காலியாக விட்டுவிடுவார்கள், எங்கள் குரல் கேட்க வேண்டும். அவசரம் வந்தால் கழற்றி எறிந்துவிடுவார்கள், அதற்குக் கோபப்படாதீர்கள். ஆஸ்பத்திரி விதி அனுமதிக்காவிட்டால் மயக்கம் ஏறும் வரையிலும், விழித்த பிறகு ரெக்கவரி அறையிலுமாவது கேளுங்கள், பலனில் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடும்.

ஈரக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆபரேஷன் முடிந்து நாலாவது நாள், அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார்.

மயக்க டாக்டரிடம் முன்னாலேயே கேட்டேன். சிரிக்கவில்லை, யோசித்துவிட்டு, "ஒரு காதில் மட்டும், தூங்கும் வரை நான் பேசுவேன், அதற்குப் பிறகு இரண்டிலும் வைக்கிறேன், டியூப் எடுக்கும் முன் கழற்றிவிடுவேன்" என்றார். சொன்னபடியே செய்திருக்கிறார். வலி குறைந்ததா என்றால் எனக்குச் சொல்லத் தெரியாது, ஆபரேஷனுக்காக வயிற்றில் ஏற்றும் வாயுவால் வரும் தோள்பட்டை வலி முதல் நாள் நன்றாகவே இருந்தது, தொண்டை கரகரப்பும் இருந்தது, மாத்திரைகளை நேரம் தவறாமல் கொடுத்தோம். ஆனால் தியேட்டருக்குள் போகும்போது அம்மா என் கையைத் தேடவில்லை. இயர்போன் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார்.

நர்ஸம்மா சொன்னதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "என்னையும் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், அது நல்லா இருந்தது" என்றார். பாட்டில் குழல் மேல்ஸ்தாயிக்கு ஏறும் இடம் வரைக்கும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது, கையில் மருந்து சுரீரென்று ஏறியதும் ஞாபகம் இருக்கிறது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நேற்று ராத்திரி அந்த இடத்திலிருந்தே போடச் சொல்லி, கடைசி வரை கேட்டுவிட்டுத் தூங்கினார்.