ஊன்றுபாரம்: டிராக்டரில் ஏற்றும் எடைக்கு ஒரு சொல்

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு, வணக்கம்.

டிராக்டரின் சக்கரங்கள் நிலத்தைப் பற்றி இழுப்பதற்காக நாம் வேண்டுமென்றே ஏற்றும் எடையை, அதாவது ‘பேலஸ்ட்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நம் குழுமத்தில் எழுந்த கேள்விக்கு இதுவரை அடிச்சுமை, நிலைப்பாரம், நிலைப்படுத்தி, பிடிப்பெடை என்று நான்கு சொற்கள் வந்துள்ளன. ஒவ்வொன்றையும் முன்வைத்தவர்கள் காரணத்தோடுதான் முன்வைத்திருக்கிறார்கள். ஆயினும் இந்த எடை வயலில் செய்யும் வேலை எதுவோ, அது இந்த நான்கில் எதிலும் ஒலிக்கவில்லை என்பது என் கருத்து. அதனால் ‘ஊன்றுபாரம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பது தமிழிலும் ஒரே சொல்லாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடலாம். கப்பலின் அடியில் ஏற்றும் பாரம் கப்பல் கவிழாமல் இருப்பதற்கு உரியது. தண்டவாளத்தின் கீழே கொட்டுவது ஜல்லி. குழல்விளக்கில் இருப்பதை வீட்டில் எல்லோரும் சோக் என்கிறோம். இந்த மூன்றுக்கும் டிராக்டரின் எடைக்கும் பொதுவாக இருப்பது ஆங்கிலப் பெயர் மட்டுமே. சில ஆண்டுகளுக்கு முன் ஓட்டுநர் பயிற்சிக்கான ஒரு கையேட்டின் தமிழ் வடிவத்தைச் சரிபார்க்கும் பணி எனக்கு வந்தபோது, ‘பின்சக்கரங்களில் போதிய சரளைக்கல் இருக்கிறதா என்று பார்க்கவும்’ என்ற வரியைக் கண்டேன். அகராதியில் இரயில்பாதைக்கு உரிய பொருளை எடுத்து மொழிபெயர்த்தவர் இங்கே பொருத்திவிட்டார். அந்த வரியைப் படிக்கும் ஓட்டுநர் டயரில் சிக்கிய கல்லைத்தான் தேடுவார். அச்சுக்குப் போகும் முன் அதை மாற்றினோம். ஆனால் மாற்றி எழுத எங்களிடம் ஒரு சொல் இல்லாததால் ‘கூடுதல் எடை’ என்று எழுத நேர்ந்தது. அந்தக் குறை இன்றுவரை என்னை உறுத்துகிறது.

சொல்லைத் தேடும் முன் பொருளைப் பார்ப்போம். எந்த அளவு டிராக்டர் வாங்குவது என்று கணக்கிடும் விவசாயி குதிரைத்திறனை மட்டுமே கேட்கிறார். விற்பவரும் அதையே சொல்கிறார். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில், ஒவ்வொன்றும் 30 செ.மீ. அகலமுள்ள இரண்டு கொழுக் கலப்பையை 20 செ.மீ. ஆழத்தில் ஓட்டுவதாகக் கொள்வோம். அறுபடும் மண்ணின் குறுக்குப் பரப்பு 1,200 சதுர செ.மீ. கனத்த மண்ணின் தடையைச் சதுர செ.மீ.க்கு 0.6 கிலோ என்று கொண்டால், கலப்பை கேட்கும் இழுப்பு 720 கிலோ. மணிக்கு 4.5 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 1.25 மீட்டர் என்பதால், கலப்பையை மாட்டி இழுக்கும் கொக்கியில் தேவைப்படுவது 12 குதிரைத்திறன் மட்டுமே. எஞ்சின் திறனில் ஏறக்குறைய பாதிதான் வயலில் கொக்கிவரை வந்து சேரும் என்று கொண்டு, கடினமான இடங்களுக்கு ஒரு கையிருப்பையும் சேர்த்தால், 35 குதிரைத்திறன் டிராக்டர் தாராளமாகப் போதும் என்று கணக்கு சொல்லும்.

ஆனால் அந்த 720 கிலோ இழுப்பை நிலத்தில் சேர்ப்பது எஞ்சின் அன்று, சக்கரம். ஓரளவு கெட்டியான நிலத்தில் இயங்குசக்கரங்கள், அதாவது எஞ்சின் சுழற்றும் பின்சக்கரங்கள், தம்மேல் இருக்கும் எடையில் ஏறத்தாழப் பாதியளவைத்தான் இழுப்பாகத் தர முடியும். அப்படியானால் பின்சக்கரங்களின்மேல் 1,440 கிலோ இருக்க வேண்டும். 35 குதிரைத்திறன் டிராக்டர் ஏறத்தாழ 1,800 கிலோ எடையுள்ளது என்றும், அதில் மூன்றில் இரண்டு பங்கு பின்னால் இருக்கிறது என்றும் கொண்டால், 1,200 கிலோதான் தேறுகிறது. மீதி 240 கிலோவில் ஒரு பகுதியைக் கலப்பையே, டிராக்டரின் பின்னால் கருவியை மூன்று இடங்களில் மாட்டும் மூன்று முனை இணைப்பு வழியாகப் பின்சக்கரங்களின்மேல் அழுத்தித் தரும். எஞ்சியதை நாம்தான் ஏற்ற வேண்டும். இதை அறியாதவர் சக்கரம் சுற்றுவதைக் கண்டு, வண்டிக்கு வலுவில்லை என்று எண்ணி, 50 குதிரைத்திறன் வண்டிக்குக் கடன் வாங்குகிறார். சில நூறு கிலோ எடையில் தீர்ந்திருக்க வேண்டிய குறைக்காக இலட்சங்களில் கடன்படும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். இந்தச் சொல் விவாதத்தை நான் இவ்வளவு முக்கியமாகக் கருதுவதற்குக் காரணம் அதுதான். பெயர் இல்லாத பொருளைப் பற்றி விவசாயி கடையில் கேட்கவும் முடியாது, பயிற்சியில் சொல்லித்தரவும் இயலாது.

ஆக, இந்த எடை செய்யும் வேலை டிராக்டரின் காலை நிலத்தில் ஊன்றச் செய்வது. மாடு பாரம் இழுக்கும்போது குளம்பை ஊன்றித்தான் இழுக்கிறது. வடமிழுக்கும் மனிதனும் காலை ஊன்றித்தான் இழுக்கிறான். ஊன்றுகோல் என்பது போல ஊன்றுபாரம் என்பதும் வினைத்தொகை. வழுக்கும் இடத்தில் ஊன்றுவதற்கு உதவும் பொருள் என்ற கருத்து நம் மொழிக்குப் புதிதன்று. ‘இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே’ என்று 415ஆம் குறள் சொல்லும் ஊற்றுக்கோல் அதே வேரிலிருந்து வந்தது. அங்கே இழுக்கல் என்பது வழுக்கும் சேற்று நிலம். வழுக்கலையும் ஊன்றலையும் எதிரெதிரே நிறுத்தும் அந்தப் பார்வைதான் நமக்கு வேண்டியதும்.

‘பாரம்’ என்பதற்கு வருகிறேன். உழவர் பேச்சில் இது உயிரோடு இருக்கும் சொல். மாட்டுவண்டியில் சுமை ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் என்று பார்த்து ஏற்றுவார்கள். முன்பாரம் ஆனால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும், பின்பாரம் ஆனால் நுகம் மேலே தூக்கும். டிராக்டரில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் எடையைப் பங்கிடும் சிக்கல் இதேதான். பின்னால் கனமான கருவியைத் தூக்கினால் முன்பக்கம் எழும்புவது பின்பாரம் ஆன வண்டியின் நுகம் எழும்புவதற்கு ஒப்பானது. உழுத நிலத்தைச் சமப்படுத்தப் பரம்படிக்கும்போது பலகையின்மேல் ஆள் ஏறி நிற்பதையும் எண்ணிப் பாருங்கள். கருவி மண்ணில் படிவதற்காக எடை ஏற்றுவது என்ற நுட்பம் நம் வயல்களில் டிராக்டர் வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது.

பாரம் வடசொல் ஆயிற்றே, ‘ஊன்றெடை’ என்று தனித்தமிழில் சொல்லலாமே என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டிருந்தார். அச்சொல்லின் செறிவு எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் எடை என்பது நிறுத்து அறியும் அளவு, பாரம் என்பது மேலே உட்கார்ந்து அழுத்தும் பொருள். ‘ஊன்றுபாரத்தின் எடை 200 கிலோ’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஊன்றெடையின் எடை’ என்று எழுத நேரும். தொழில்நுட்பக் கையேட்டில் இந்த வேறுபாடு அடிக்கடி தேவைப்படும் என்பதால் பாரத்தையே விரும்புகிறேன். ‘அடிச்சுமை’யில் உள்ள ‘சுமை’ வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. சுமை என்பது ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குக் கொண்டுசேர்க்கும் பொருள், இதுவோ வேலைக்கு ஏற்ப மாட்டிக் கழற்றும் பொருள்.

மற்ற பரிந்துரைகளில் ‘நிலைப்படுத்தி’ ஏற்கெனவே மின்னழுத்தக் கருவிக்குப் போய்விட்டது. ‘நிலைப்பாரம்’ கப்பலுக்கு மிகப் பொருந்தும், அங்கேயே இருக்கட்டும். ‘முன்பக்க எடைகளின் வேலை ஊன்றுவது அன்று, பின்னால் தூக்கிய கருவிக்கு ஈடுகட்டுவதுதானே’ என்று ஓர் அம்மையார் எழுப்பிய ஐயம் ஆழமானது. அந்த எடைகள் ஈடுகட்டுவது உண்மைதான். ஆனால் ஈடுகட்டுவதன் பயன், முன்சக்கரங்கள் நிலத்தில் ஊன்றி நின்று திருப்பும்போது வண்டி திரும்ப வேண்டும் என்பதே. மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்னச்சில் எப்போதும் இருக்க வேண்டும் என்ற பாதுகாப்பு விதி இதற்காகவே உள்ளது. எனவே முன் ஊன்றுபாரம் என்று சொன்னாலும் பொருள் பிறழாது.

‘பிடிப்பெடை’யை மறுப்பதற்கு நன்செய் வயல் எனக்குச் சான்று. சேற்றுழவில் எடை கூடினால் பிடிப்பு கூடுவதில்லை, வண்டி புதைகிறது. அங்கே உழவர்கள் இரும்புக் கேஜ் வீலை மாட்டுகிறார்கள். அதன் தகடுகள் சேற்றுக்குக் கீழே உள்ள கெட்டியான அடுக்கைத் தேடிப் பற்றுகின்றன. பிடிப்பு வேறு, எடை வேறு என்பதை அந்த வயலே காட்டுகிறது. இரண்டையும் ஒரே சொல்லில் ஒட்டினால், எடை ஏற்றினால் எங்கும் பிடிப்பு வரும் என்ற தவறான பாடத்தை அந்தச் சொல்லே கற்பித்துவிடும்.

இதையொட்டி ‘டிராக்‌ஷன்’ என்பதையும் தீர்த்துக்கொள்வது நல்லது. பலர் ‘இழுவை’ என்று எழுதுகிறார்கள். வானூர்தி பற்றிய தமிழ் நூல்களில் இழுவை என்பது ஓட்டத்தைப் பின்னுக்கு இழுக்கும் காற்றின் தடை, இங்கோ அது முன்னோக்கி நகர்த்தும் விசை. கலப்பை கேட்கும் இழுப்புக்கும் அதே சொல் பயன்படுகிறது. ஒரே பக்கத்தில் மூன்றும் வந்தால் மாணவர் திணறுவார். ‘டயருக்குப் பிடிமானமே இல்லை’ என்று ஓட்டுநர்கள் சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பிடிமானம் என்பதையே கலைச்சொல்லாக ஏற்று, கொக்கியில் அளக்கும் விசைக்கு இழுப்பு என்பதை வைத்துக்கொள்ளலாம்.

‘ஸ்லிப்’ என்பதற்கு நான் முதலில் ‘வீண்சுழற்சி’ என்று குறித்து வைத்திருந்தேன். சக்கரம் சுற்றியும் வண்டி நகராத பங்கைத்தானே அளக்கிறோம் என்ற எண்ணம். பிறகு அதைக் கைவிட்டேன். ஏனெனில் மண்ணில் ஓரளவு நழுவாமல் எந்தச் சக்கரமும் இழுக்க முடியாது, அந்த அளவு வீணும் அன்று. பொதுவாக 10 முதல் 15 விழுக்காடு நழுவல் இருப்பதே நல்ல வேலையின் அடையாளம். அதற்கு மேலே போனால் டயரும் டீசலும் கரைகின்றன. 8 விழுக்காட்டுக்கும் கீழே போனால் பாரம் மிகுந்துவிட்டது என்று பொருள், அப்போது மண் இறுகுவதும் பற்சக்கரங்கள் திணறுவதும் நேரும். ஆகவே நடுநிலையான ‘நழுவல்’ போதும். பிரேக் பிடித்துப் பூட்டிய சக்கரம் சுற்றாமல் இழுபடுவதற்குச் ‘சறுக்கல்’ என்று தனியே வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சொற்கள் ஒரு பாடத்தில் எப்படி அமர்கின்றன என்று சோதிக்க ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்: ‘பின்சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு குறியிடுக. கருவியைத் தூக்கியபடி அதே வயலில் சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றும் தொலைவை அளக்க. அது 40 மீட்டர் என்க. இனிக் கருவியை மண்ணில் இறக்கி, அதே பத்துச் சுற்றில் செல்லும் தொலைவை அளக்க. அது 35 மீட்டர் ஆனால், நழுவல் 12.5 விழுக்காடு, ஊன்றுபாரம் சரியாக உள்ளது. 32 மீட்டர் மட்டுமே ஆனால், நழுவல் 20 விழுக்காடு, பின் ஊன்றுபாரத்தைக் கூட்டுக. 38 மீட்டர் ஆனால், நழுவல் 5 விழுக்காடுதான், பாரத்தைக் குறைக்க.’ வாசித்துக் காட்டியபோது எங்கள் ஊரில் வண்டி ஓட்டும் பெரியவர் ஒருவர் ஊன்றுபாரம் என்றால் என்ன என்று கேட்கவில்லை. சுண்ணாம்பு சேற்றில் அழிந்துவிடுமே, துணி கட்டினால் ஆகாதா என்றுதான் கேட்டார். சொல்லைத் தாண்டிச் செயலுக்குப் போய்விட்டார் என்பதே எனக்குப் போதுமான சான்றாகப் பட்டது. பத்தியில் ‘துணி’ என்று திருத்திவிட்டேன்.

உட்பிரிவுகளுக்கு அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. வார்ப்பிரும்பில் வருவன முன் ஊன்றுபாரம், சக்கர ஊன்றுபாரம் எனலாம். டயரில் நீர் நிரப்புவது நீர் ஊன்றுபாரம். வால்வை மேலே நிறுத்தி அதன் மட்டம்வரை நிரப்பினால் டயரின் கொள்ளளவில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீரும் மீதி காற்றும் இருக்கும். குளிர்நாடுகளில் உறையாமல் இருக்கக் கால்சியம் குளோரைடு கலப்பார்கள், நம் சமவெளியில் அதற்குத் தேவையில்லை. கருவியிலிருந்து சக்கரத்துக்கு வேலையின்போது வந்துசேரும் எடைக்கு மட்டும் தனிச்சொல் அவசியம். ஹாரி பெர்குசன் 1926இல் காப்புரிமை பெற்ற மூன்று முனை இணைப்பின் உயிரே அதுதான். வண்டியைக் கனமாக்காமல் கலப்பையின் அழுத்தத்தையே பின்சக்கரத்துக்குக் கடனாக வாங்கினார். ‘பாரமாற்றம்’ என்பது என் பரிந்துரை. இது ஏற்றப்படுவதன்று, வேலை நின்றதும் மறைவது. ஆகையால் இதை ஊன்றுபாரத்தின் உட்பிரிவாகப் பட்டியலிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

விளக்கக் குறிப்பாக நான் முன்வைப்பது இது: ‘ஊன்றுபாரம்: சக்கரங்கள் நிலத்தில் ஊன்றி, போதிய பிடிமானத்துடன் இழுக்கவும் திரும்பவும் வேண்டி, வேலைக்கும் மண்ணுக்கும் ஏற்ப டிராக்டரில் சேர்த்துக் கழற்றத்தக்க எடைப்பொருள்.’ ‘கழற்றத்தக்க’ என்பதை யாரும் நீக்கிவிட வேண்டாம். உழவு முடிந்து டிரெய்லரோடு சாலையில் ஓடும் நாளிலும் அதே எடையைச் சுமந்து திரியும் வண்டிகள் ஏராளம்.

ஈழத்து நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உழவு இயந்திரம் என்ற நல்ல சொல்லைப் பேச்சிலும் எழுத்திலும் நிலைநிறுத்தியவர்கள் நீங்கள். சக்கரத்துக்கு நீர் ஏற்றுவதையும் முன்னால் இரும்பு மாட்டுவதையும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் வயலில் நிற்பவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அங்கே இதைவிடப் பொருத்தமான சொல் ஒன்று ஏற்கெனவே புழங்குமானால், ஊன்றுபாரத்தை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்,
கரிசல் மண்ணிலிருந்து ஒரு குழும உறுப்பினர்