பழைய யமஹா 40: மோட்டார் ஓடுது, பேட்டரி மட்டும் ஏற மாட்டேங்குது

சால்வின்கரை:
வணக்கம் எல்லாருக்கும், பர்மா மோல்மீன்ல இருந்து எழுதுறேன். நம்மகிட்ட ஒரு பழைய யமஹா 40 படகு மோட்டார், ரெண்டு ஸ்ட்ரோக், செல்ஃப் ஸ்டார்ட் உள்ளது, கைமாறி கைமாறி நான் மூணாவது ஆள்னு நினைக்கிறேன். பிலூ தீவுக்குப் பாலம் வந்தபிறகு ஆள் ஏத்துற வேலை குறைஞ்சு போச்சு, இப்ப மீனும் தேங்காயும்தான், ஒரு நாளைக்கு ரெண்டு நடை, மூணு நடை. திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிஞ்சதுல இருந்து இந்த ரோதனை. காலைல செல்ஃப் அடிச்சா கட் கட்னு சத்தம் மட்டும் வருது, அப்புறம் கயிறு சுத்தி இழுத்துத்தான் கிளப்புறேன், கிளம்பிட்டா மோட்டார் கிண்ணுனு ஓடுது, ஒரு குறையும் இல்ல. பேட்டரி பழசாயிடுச்சோன்னு 70 ஆம்பியர் புதுசு ஒண்ணு வாங்கி வச்சேன், அஞ்சாறு நாள்ல அதுவும் அதே கதை. இங்க ஒரு சயா, மெக்கானிக்கை இங்க அப்படித்தான் கூப்பிடுவோம், வந்து பார்த்துட்டு ஃப்ளைவீலுக்கு அடியில இருக்கிற காயில் போச்சு, கழட்டி மாத்தணும்னு சொல்லி ஒரு ரேட்டு சொன்னார், அந்தக் காசுக்கு ரெண்டு மாசம் பெட்ரோல் போடலாம். மாத்துறதுக்கு முன்னாடி நானே எதாவது பார்க்க முடியுமா? சின்ன மீட்டர் ஒண்ணு இருக்கு, மஞ்சக் கலர், மலிவு சரக்கு.

பழைய ஸ்பேனர்:
தம்பி, அவசரப்பட்டு ஃப்ளைவீல்ல கை வைக்காதீங்க. அதை இழுக்க புல்லர் வேணும், சுத்தியலால தட்டிக் கழட்டுறவங்க கையில குடுத்தா உள்ள இருக்கிற காந்தம் விரிசல் விட்டுரும், அப்புறம் சார்ஜும் இல்ல ஸ்பார்க்கும் இல்லன்னு நடுஆத்துல நிக்கணும். காயில் எரியறது உண்டு, இல்லன்னு சொல்லல, ஆனா நான் பார்த்த வரைக்கும் பத்துல ஆறு ஏழு கேஸ் வயர்லயோ முனையிலயோ ரெக்டிஃபையர்லயோதான் இருக்கும்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்குங்க. உங்க மோட்டார் ஓடுறதுக்கு பேட்டரியே வேண்டாம். ஸ்பார்க் குடுக்கிற சிடிஐ பெட்டிக்குன்னு தனிக் காயில், பேட்டரிக்குன்னு தனிக் காயில், ரெண்டும் ஒரே ஃப்ளைவீலுக்கு அடியில அக்கா தங்கச்சி மாதிரி உக்காந்திருக்கு. அதனாலதான் மோட்டார் ஜோரா ஓடுது, பேட்டரி பட்டினி கிடக்குது. பேட்டரி காயில்ல வர்றது ஏசி, அதை ரெக்டிஃபையர் டிசி ஆக்கி ஃப்யூஸ் வழியா பேட்டரிக்கு அனுப்பும். அவ்வளவுதான் மொத்த சங்கதியும்.

இப்ப சோதனை. படகை ஜெட்டியில கட்டி, மோட்டார் தண்ணியில இருக்கணும், வெறுங்காத்துல ஓட்டிராதீங்க, உள்ள கூலிங் தண்ணியை இழுக்கிற இம்பெல்லர் கருகிரும். மோட்டார் நிக்கும்போது பேட்டரியில நேரா ரெண்டு ஈயக் குமிழ்லயும் மீட்டர் வச்சுப் பாருங்க, கிளிப்புல இல்ல, ஈயத்துல. நல்லா ஏறின பேட்டரின்னா 12.6 பக்கம் இருக்கும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணி, ஐடில்ல பார்க்கறது வேஸ்ட், ஐடில்ல இதெல்லாம் பேருக்குத்தான் சார்ஜ் தரும், கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் குடுத்துப் பிடிங்க. 13.5க்கு மேல ஏறினா சார்ஜிங் இருக்கு, ஏறாம அப்படியே நின்னா இல்ல. ஓடும்போது பேட்டரி வயரைக் கழட்டிப் பார்க்கிற வேலை மட்டும் வேணாம், கார்ல பண்ணுவாங்கன்னு இதுல பண்ணினா நல்லா இருக்கிற ரெக்டிஃபையரும் போயிரும். மீட்டர் நம்பர் பேய் பிடிச்ச மாதிரி ஆடினா பயப்படாதீங்க, ஸ்பார்க் பிளக்கோட மின் இரைச்சல் மலிவு மீட்டரைக் குழப்பும், பிளக் வயரை விட்டுத் தள்ளிப் பிடிங்க.

டலாக்காரன்:
அண்ணே சொன்னதுக்கு மேல ஒண்ணு. பேட்டரி முனையில காது நட்டு போட்டிருந்தா அதைத் தூக்கி எறிஞ்சுட்டு அறுகோண நட்டு போட்டு ஸ்பேனரால இறுக்குங்க. காது நட்டு கையால எவ்வளவு முறுக்கினாலும் படகு ஆட்டத்துல ரெண்டு நாள்ல லூஸ் ஆயிரும். என்னோடதுல ஒரு மழைக்காலம் முழுக்க இதே பஞ்சாயத்து, கடைசில பார்த்தா எர்த் வயர் கிரிம்ப்புக்குள்ள பச்சைப்பொடி, வெளியில பார்த்தா தங்கம் மாதிரி இருந்துச்சு.

ஜான்சன் பிரியன்:
எதுக்கு இந்தப் பாடு, ஸ்டேட்டர், அதான் ஃப்ளைவீலுக்கு அடியில இருக்கிற காயில் செட்டு, அதை மாத்திருங்க பாஸ். என்னோட ஜான்சன்ல ஸ்டேட்டர்ல இருந்து தார் மாதிரி உருகி ஒழுகியிருந்துச்சு, மாத்தினேன், சரியாப் போச்சு.

பழைய ஸ்பேனர்:
உங்களோடது ஒழுகியிருந்துச்சு, கண்ணால பார்த்தீங்க, மாத்தினீங்க, சரி. அவர் இன்னும் ஒண்ணும் பார்க்கவே இல்லையே. அதோட ஜான்சன்ல மஞ்சளும் மஞ்சள்-சாம்பலும் வரும், மெர்குரில ரெண்டு மஞ்சள், யமஹால பச்சை. கலர் தெரியாம ஒருத்தர் வயரை இன்னொருத்தர் அறுத்து வைக்காதீங்க.

சால்வின்கரை:
அண்ணே ரொம்ப நன்றி. ரெண்டு நாளா மழை, இன்னைக்குத்தான் பார்க்க முடிஞ்சது. நிக்கும்போது 12.3. ஸ்டார்ட் பண்ணி நல்லா முறுக்கியும் 12.2, அசையவே இல்ல. அப்ப சார்ஜிங் சுத்தமா இல்லதானே? கவர் கழட்டினா ரெண்டு பச்சை வயர் வருது, ஒண்ணுல வெள்ளைக்கோடு, ரெண்டும் ஒரு கருப்பு டப்பாவுக்குள்ள போகுது. அடுத்தது என்ன?

பழைய ஸ்பேனர்:
அந்தக் கருப்பு டப்பாதான் ரெக்டிஃபையர். மோட்டாரை நிறுத்திட்டு, பேட்டரியைக் கழட்டி வச்சுட்டு, ரெண்டு பச்சையையும் அதுல இருந்து பிரிங்க. மீட்டரை ஓம்ல வச்சு முதல்ல மீட்டரோட ரெண்டு ஊசியையும் ஒண்ணோட ஒண்ணு தொட்டுப் பாருங்க, அதுவே 0.3, 0.4 காட்டும், அதைக் கழிச்சுக்கணும். பச்சைக்கும் பச்சைக்கும் நடுவுல ஒரு ஓமுக்குப் பக்கத்துல ஏதாவது வரணும். பச்சைக்கும் மோட்டார் பாடிக்கும் ஒண்ணுமே வரக்கூடாது, வந்தா காயில் எர்த் ஆகுது. அது சரின்னா, பச்சை ரெண்டையும் பிரிச்சபடியே விட்டு, எங்கயும் உரசாம டேப் சுத்தி, கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணி ஏசி வோல்ட் பாருங்க. ஆக்ஸிலரேட்டர் கூடக் கூட வோல்ட்டும் கூடணும். ஃப்ளைவீல் பக்கம் லுங்கி நுனியோ துண்டோ போகாம பாத்துக்குங்க, இதைச் சிரிச்சுட்டுப் படிக்காதீங்க.

அப்புறம் டப்பா. அதுக்குள்ள நாலு டயோட், கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுற கதவு மாதிரி. மீட்டரை டயோட் மோட்ல வச்சுப் பாருங்க. ஒவ்வொரு பச்சை முனைக்கும் சிவப்புக்கும், அப்புறம் பச்சைக்கும் கருப்புக்கும். ஒரு பக்கம் வச்சா 0.5 மாதிரி வரணும், ஊசியை மாத்தி வச்சா ஒண்ணும் வரக்கூடாது. ரெண்டு பக்கமும் வந்தாலும் போச்சு, ரெண்டு பக்கமும் வராட்டியும் போச்சு. அப்படியே ஃப்யூஸையும் பாருங்க, 20 ஆம்பியர் இருக்கணும்.

சால்வின்கரை:
அண்ணே, காயில் பிழைச்சுது! பச்சைக்கும் பச்சைக்கும் 0.9, மீட்டர் ஊசி 0.3, அப்ப 0.6. பாடிக்கு ஒண்ணும் இல்ல. ஏசி ஐடில்ல 13, முறுக்கினா 30ஐத் தாண்டிப் போகுது. டப்பாவுலதான் கோளாறு, கருப்பு பக்கம் ரெண்டும் 0.5 ஒழுங்கா காட்டுது, சிவப்பு பக்கம் ரெண்டுமே எப்படி வச்சாலும் ஓஎல், அதாவது ஒண்ணுமே வரல. டப்பாவுக்குப் பின்னாடி அந்த ரெசின் லேசா உப்பி ஒரு கோடு விட்டிருக்கு.

ஃப்யூஸ் விஷயம் சொல்லவே வெக்கமா இருக்கு. ஹோல்டரைத் திறந்தா ஃப்யூஸே இல்ல, செம்புக்கம்பி நாலு இழை முறுக்கிச் சொருகியிருக்கு. நான் போடல, சத்தியமா. எனக்கு முன்னாடி இருந்தவர் கைங்கரியம்.

டலாக்காரன்:
கம்பி ஃப்யூஸ் 🙂 வெத்தலைக்கடை சிகரெட் ஃபாயில் சுத்தினதும் பார்த்திருக்கேன்.

பழைய ஸ்பேனர்:
சிவப்பு பக்கம் ரெண்டு டயோடும் ஒரே நேரத்துல சும்மா போகாது தம்பி. ஒரு கேள்வி, கோச்சுக்கக் கூடாது. திஞ்சான் பக்கம் யாராவது பேட்டரியை மாத்தி மாட்டினாங்களா? ப்ளஸ் இருக்க வேண்டிய இடத்துல மைனஸ்?

சால்வின்கரை:
அண்ணே நீங்க ஜோசியம் பார்ப்பீங்களா. எழுத வேணாம்னுதான் இருந்தேன். ராத்திரி கரண்ட் போயிருதுல்ல, அதனால தினம் சாயங்காலம் படகு பேட்டரியைக் கழட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் இன்வர்ட்டர்ல போட்டு ஒரு ஃபேன், ரெண்டு லைட், காலைல திரும்பப் படகுல. திஞ்சான் முடிஞ்ச மறுநாள் விடியறதுக்கு முன்னாடி டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு மாட்டினேன், சிவப்பு கிளிப் உடைஞ்சு போய் கடையில கிடைச்சது ரெண்டும் கருப்பு கிளிப்தான், மாத்தி வச்சுட்டேன், பளீர்னு ஒரு பொறி, உடனே எடுத்துட்டேன். ஒரு செகண்டு கூட இருக்காது. மோட்டார் ஓடினதும் ஒண்ணும் ஆகலன்னு விட்டுட்டேன். வீட்டுல மருமகன் மேல பழி போட்டு வச்சிருக்கேன் வேற.

பழைய ஸ்பேனர்:
அந்த ஒரு செகண்டு போதும். மாத்தி மாட்டினா நாலு டயோடும் திறந்த கதவு, பேட்டரி முழு வேகத்துல அது வழியா ஷார்ட் ஆகும். 20 ஆம்பியர் ஃப்யூஸ் இருந்திருந்தா அது செத்து டயோடைக் காப்பாத்தியிருக்கலாம், உங்க செம்புக்கம்பி காப்பாத்தல. காயில் தப்பிச்சது உங்க நல்ல நேரம்.

ரெக்டிஃபையர் மட்டும் வாங்குங்க. கிடைக்கலன்னா எலக்ட்ரானிக் கடையில சதுரமா, நடுவுல ஓட்டையோட ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர் வரும், கேபிபிசி 3510, 35 ஆம்பியர் தாங்கும், ரேடியோ சயா யாரைக் கேட்டாலும் குடுப்பார். அலைக்கோடு போட்ட ரெண்டு கால்ல ரெண்டு பச்சை, ப்ளஸ் கால்ல சிவப்பு, மைனஸை எர்த்ல. வெறும் இடத்துல தொங்க விடாம மோட்டார் உலோகத்துல போல்ட் போட்டு இறுக்கணும், இல்லன்னா சூடுல போயிரும். கால்களுக்கு கிரீஸ், மேல ட்யூப், நம்ம ஊர் மழைக்கும் உப்புத்தண்ணிக்கும் அது இல்லாம ஒரு மாசம் தாங்காது. பைக் ரெகுலேட்டர் போடலாம்னு யாராவது சொல்வாங்க, சிலதுல காயில் ஒரு முனை பாடியில எர்த் ஆகியிருக்கிற கணக்குல செஞ்சிருப்பாங்க, அது இதுக்கு ஒத்து வராது. சும்மா பிரிட்ஜ் போட்டா வோல்டேஜைக் கட்டுப்படுத்த ஒண்ணும் இல்ல, நீளமா முழு வேகத்துல ஓட்டினா 15க்கு மேலயும் போகும், அதனால மூடி திறந்து டிஸ்டில்ட் வாட்டர் ஊத்துற பேட்டரியே வைங்க, மெயின்டனன்ஸ் ஃப்ரீ வேண்டாம்.

சிரியம் சோலார்:
நடுவுல பேசுறேன், மன்னிக்கணும். ரெக்டிஃபையர் மாத்தினாலும் அண்ணனுக்கு இதே பிரச்சினை வேற ரூபத்துல வரும். அந்த சைஸ் மோட்டார்ல லைட் காயில், அதான் பேட்டரி காயில், 80 வாட் பக்கம்தான், முழு வேகத்துல 6 ஆம்பியர் சொச்சம். ராத்திரி ஃபேன் 40 வாட், லைட் 10 வாட், அஞ்சு மணி நேரம்னா 250 வாட் ஹவர், இன்வர்ட்டர் திங்கறதையும் சேர்த்தா பேட்டரியில இருந்து 23, 24 ஆம்பியர் ஹவர் போயிருக்கும். அதைத் திருப்பி ஏத்த முழு ஆக்ஸிலரேட்டர்ல நாலு மணி நேரம் ஓடணும், நீங்க ஒரு நடை எவ்வளவு நேரம்?

சால்வின்கரை:
போக அரை மணி, வர அரை மணி, அதுவும் பாதி ஆக்ஸிலரேட்டர், பெட்ரோல் விக்கிற விலைக்கு யார் முறுக்குவா.

சிரியம் சோலார்:
அப்ப கணக்கு நீங்களே போட்டுக்குங்க. பழைய பேட்டரி இன்னும் இருந்தா, அதை வீட்டுக்கு வச்சுக்கிட்டு ஒரு 100 வாட் பேனலும் சின்ன கன்ட்ரோலரும் போடுங்க, மழைக்காலத்துல பாதிதான் வரும், பரவாயில்ல. புதுசு படகை விட்டு எறங்கவே கூடாது. கழட்டலன்னா மாத்தி மாட்டவும் முடியாது.

சால்வின்கரை:
எல்லாருக்கும் அப்டேட். பிரிட்ஜ் போட்டாச்சு, உண்மையான ஃப்யூஸ் போட்டாச்சு, ஐடில்ல 12.7, முறுக்கினா 13.9. செல்ஃப் ஒரே அடியில பிடிக்குது. பழைய பேட்டரி வீட்டுல, பேனல் அடுத்த மாசம்தான், அது வரைக்கும் மெழுகுவத்தி. ப்ளஸ் கிளிப்புக்கு வீட்டுக்காரியோட நெயில் பாலிஷ் எடுத்து சிவப்பு அடிச்சு வச்சிருக்கேன், அதுக்கு வேற திட்டு. மருமகன்கிட்ட இன்னும் சொல்லல.