லோன் முடியாத காரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கலாமா?

வணக்கம். காட்பாடியில் இருக்கிறேன். 2020-ல் லோன் போட்டு வாங்கிய ஸ்விஃப்ட், இன்னும் 1.9 லட்சம் அசல் பாக்கி. வண்டியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அப்பாவுக்கு முழங்கால் வலி. தாழ்வான சீட்டிலிருந்து எழும்போது கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுகிறார், பார்க்கவே மனசு கேட்கவில்லை.

ஷோரூமில் 4 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டு, பாக்கியை அவர்களே கட்டிவிடுவதாகச் சொல்கிறார்கள். மீதிதான் புது வண்டிக்கு முன்பணம். அப்புறம் மறுபடி 5 வருட இஎம்ஐ! அதுதான் உறுத்துகிறது.

இல்லை, நானே லோனை அடைத்து, வங்கியின் என்ஓசியும் (கடன் பாக்கி இல்லை என்ற கடிதம்) ஃபார்ம் 35-ம் (அடமானம் முடிந்தது என்ற படிவம்) ஆர்டிஓவில் கொடுத்து ஆர்சியில் அடமானத்தை நீக்கிவிட்டு வெளியில் விற்றால் கூடுதலாகக் கிடைக்குமா? வேலூர், ராணிப்பேட்டை பக்கம் மாற்றியவர்கள் சொல்லுங்கள். முக்கியமாக, ஷோரூம் பாக்கியைக் கட்டியதற்கு என்ன ஆதாரம் கேட்டு வாங்கினீர்கள்?