வெட்டின இரைப்பை திரும்ப வளருமாம்!

கொக்குவிலான்:
நேற்று வடமராட்சி வல்லூறு இங்கே எழுதியது: "எடை குறைக்கிற ஸ்லீவ் ஒப்பரேசன் காசுக்குக் கேடு. வெட்டின இரைப்பை இரண்டு வருசத்தில் திரும்ப வளர்ந்துவிடும், பிறகு இன்னொரு தரம் வெட்ட வேண்டும்." வாசித்த எனக்கு நித்திரை வரவில்லை. இரைப்பை என்ன முருங்கையா, வெட்ட வெட்டத் துளிர்க்க? ஸ்லீவில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி வெளியே எடுத்துவிடுவார்கள். போனது போனதுதான். மிஞ்சுகிற குழாய் போன்ற இரைப்பை விரியலாம். வளராது. 2019இல் செய்துகொண்டவன் சொல்கிறேன். 124 கிலோ 86க்கு இறங்கி, இப்போது 109. அடுத்த மாதம் அதைப் பைபாஸாக, அதாவது இரைப்பையைச் சின்னப் பையாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைக்கிற ஒப்பரேசனாக, மாற்றப் போகிறார்கள்.

வடமராட்சி வல்லூறு:
அண்ணை, 86 எப்படி 109 ஆனது? வளராமலா?

கொக்குவிலான்:
என் வாயால் ஆனது. ஒருதரத்தில் அரை நீத்துப்பெட்டிப் புட்டுக் கூட இறங்காது. ஆனால் நல்லூரடி ஐஸ்கிரீமும் இனிப்பான ரின்பால் விட்ட தேத்தண்ணியும் வழுக்கிக்கொண்டு போகும். அதற்கு இரைப்பை வளரத் தேவையில்லை.

சுன்னாகம் அக்கா:
சத்திரசிகிச்சை வாட்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். இரண்டு பேரும் எதைத் தோல்வி என்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். எடை ஏறியதையா, நெஞ்செரிவையா? நெஞ்செரிவு தாங்க முடியாமல் பைபாஸுக்கு மாறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் அது குறையும். எடைக்காக மட்டும் மாறினால் முதல் தடவை போல இறங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பழைய தழும்பும், உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதும் இருப்பதால் இரண்டாம் தடவை தைத்த இடத்தில் கசிவு, இரத்தப்போக்கு ஆபத்தும் கூட. எண்டோஸ்கோப்பியும் பேரியம் எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்தீர்களா தம்பி? பைபாஸுக்குப் பிறகு விற்றமின் பி12, இரும்பு, கல்சியம் எல்லாம் ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும்.

கொக்குவிலான்:
எல்லாம் எடுத்தாயிற்று அக்கா. நெஞ்செரிவும் இருக்கிறது, தலையணை மூன்று வைத்துத்தான் படுக்கிறேன். முதல் தடவை இரைப்பையின் மேல்பகுதியைக் கூடுதலாக விட்டுவிட்டார்களாம். பசியைத் தூண்டுகிற ஹோர்மோன் பெரும்பாலும் அங்கேதான் சுரக்கிறது. அந்த மிச்சம்தான் விரிந்திருக்கிறது. விரிந்திருக்கிறது, வல்லூறு. கண்ணாடி போட்டு வாசியும்.

ஸ்காபரோ சித்தப்பா:
எங்கள் காலத்தில் தோட்டம் கொத்தினோம், துலா மிதித்தோம். ஒருவனுக்கும் வயிறு வெட்டத் தேவை வரவில்லை. இப்போது வெளிநாட்டுக் காசில் குந்தியிருந்து சாப்பிடுகிறார்கள்.

கொக்குவிலான்:
சித்தப்பா, என் காசு என் கடையில் வந்தது. நீங்கள் போன திருவிழாவுக்கு வந்தபோது நல்லூருக்கு ஓட்டோ பிடித்துப் போனதையும் கண்டேன். தேரடியில் இருந்து நூறு யார் தூரம்!

ஸ்காபரோ சித்தப்பா:
அது முழங்கால் நோ. மரியாதையாகக் கதையும்.

வடமராட்சி வல்லூறு:
அண்ணை கதையை மாற்றுகிறார். முந்திச் சின்னதாக இருந்தது, இப்போது பெரிதாக இருக்கிறது. அதற்குத் தமிழில் வளர்ச்சி என்று பெயர்.

கொக்குவிலான்:
பலூனை ஊதினால் வளர்ந்தது என்பீரோ? வளர்வதென்றால் புதுச் சதை வர வேண்டும். உம்மிடம் தமிழ் படிக்க எனக்கு விதியில்லை. போன வருசம் ஆடிக்கூழுக்கு நண்டு போடுவார்கள் என்று எழுதினவர்தானே நீர்? இனிப்பான ஆடிக்கூழுக்கும் மீன், நண்டு போடுகிற ஒடியல் கூழுக்கும் வித்தியாசம் தெரியாதவர் இரைப்பைக்கு வந்துவிட்டார்.

வடமராட்சி வல்லூறு:
அது எழுத்துப்பிழை.

கொக்குவிலான்:
ஒடியல் எப்படி ஆடியாகும்? மூன்று பந்தி எழுதியிருந்தீர், நண்டைச் சுத்தம் செய்கிற விதம் உட்பட!

சுன்னாகம் அக்கா:
தம்பி, மாற்றுகிறவர் இப்படி இரண்டாம் தடவை செய்து பழகிய வைத்தியரா என்று கேட்டீரா?

கொக்குவிலான்:
கேட்கிறேன் அக்கா, பொறுங்கள். வல்லூறு, "வளர்ந்துவிடும்" என்று எழுதினீரா இல்லையா?

வடமராட்சி வல்லூறு:
எழுதினேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். உங்கள் 109 கிலோவே சாட்சி.

ஸ்காபரோ சித்தப்பா:
ஓட்டோக் கதையைத் திரும்பப் பெற்றீரா?

கொக்குவிலான்:
இல்லை. வல்லூறின் நண்டுப் பதிவையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். கரண்ட் வரட்டும், போடுகிறேன்.