ஒரிஜினல் காமிக்ஸ் பக்கம் ஏலம் எடுப்பவர்கள் கவனத்துக்கு: கணக்கு, படி, ஒட்டு

நண்பர்களே, ஒரிஜினல் என்றால் இதழ் அச்சாவதற்கு ஓவியர் கையால் வரைந்த பக்கம். முதலில் காசுக் கணக்கு. ஹாலில் கேட்கும் தொகை வேறு, கடைசியில் கட்டும் தொகை வேறு. டல்லாஸின் ஹெரிட்டேஜ் ஏலத்தில் 2022 ஜனவரியில் ‘சீக்ரெட் வார்ஸ்’ 8-ஆம் இதழின் 25-ஆம் பக்கம் 33.6 லட்சம் டாலருக்குப் போனது. மைக் செக் வரைந்தது. ஸ்பைடர்மேனுக்குக் கறுப்பு உடை வந்த கதையைச் சொல்லும் பக்கம். செய்திகளில் வந்த அந்தத் தொகை பிரீமியமும் சேர்ந்தது. சுத்தியல் விழுந்தது, அதாவது ஹாலில் ஏலம் முடிந்தது, 28 லட்சத்தில். அதன் மேல் 20 சதவீதம் பையர்ஸ் பிரீமியம் (வாங்குபவரிடம் ஏல நிறுவனம் வாங்கும் கட்டணம்), 5.6 லட்சம்.

பிரீமியம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கேட்லாக்கின் விதிமுறைப் பக்கத்தில் இருக்கும். அதை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். கையில் மொத்தம் 6,000 டாலர் என்றால், அதில் 20 சதவீதம் கழித்து 4,800 என்று நிறுத்துபவர்கள் நிறைய. தப்பு. 1.2-ஆல் வகுக்கணும்: 5,000. அந்த 200 டாலரில்தான் பல லாட் (ஏலத்துக்கு வரும் பொருள்) கை நழுவுகிறது. பக்கத்தை டல்லாஸிலேயே கையில் வாங்கினால் 8.25 சதவீத விற்பனை வரியும் உண்டு, அதுவும் பிரீமியம் சேர்த்த தொகை மேல். அப்போது அதே 6,000-க்கு உங்கள் உச்சம் சுமார் 4,600 தான். வெளிநாட்டுக்கு அனுப்பச் சொன்னால் கூரியர், இன்சூரன்ஸ், உங்கள் ஊர் சுங்கம் மூன்றையும் முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

*

மேலே சொன்ன கணக்கோடு படியையும், அதாவது ஒவ்வொரு முறையும் ஏலத்தொகை ஏறும் அளவையும், சேர்த்துப் பார்க்கணும் சார். ஒரு வேடிக்கை: 2012-இல் டாட் மெக்ஃபார்லேனின் ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 328 அட்டைப்படம், 2014-இல் ஹெர்ப் ட்ரிம்ப்பின் ‘இன்க்ரெடிபிள் ஹல்க்’ 180-இன் கடைசிப் பக்கம் (வுல்வரின் முதன்முதலாகத் தலைகாட்டுவது), இரண்டுமே சரியாக 6,57,250 டாலருக்குப் போயின. ஏலம் இஷ்டப்பட்ட தொகையில் ஏறாது, குறிப்பிட்ட படிகளில்தான் ஏறும். இரண்டும் 5,50,000 படியில் நின்றன, மேலே அப்போதைய பிரீமியம் 19.5 சதவீதம். அவ்வளவுதான்.

இதில் நமக்கு என்ன? எந்தப் படி யார் கைக்கு வருகிறது என்பதுதான். படி 500, உங்கள் உச்சம் 5,000 என்று வையுங்கள். 4,000 உங்கள் கேள்வி, 4,500 எதிராளி, 5,000 உங்களுடையது. அவர் கை இறங்கினால் பக்கம் உங்களுக்கு. ஆனால் 4,000-ஐ எதிராளி பிடித்திருந்தால் 4,500 உங்களுக்கு, 5,000-ஐ அவர் பிடித்துவிடுவார். அவரும் 5,000-க்கு மேல் போகத் தயாராக இல்லாதவராகவே இருக்கலாம், ஆனால் அது உங்களுக்கு எப்படித் தெரியும்? அதனால் உச்சத்தை ஒற்றை எண்ணாக முடிவு செய்யாமல், “5,000, தப்பான படியில் மாட்டினால் 5,500” என்று இரண்டாக எழுதி வையுங்கள். 5,500 முடியவே முடியாது என்றால் முன்னாடியே 4,000-இலிருந்து நேராக 5,000-க்குத் தாவிக் கேட்டு அந்தப் படியைப் பிடித்துவிடலாம். சில இடங்களில் அரைப்படி கேட்க விடுவார்கள், ஆனால் ஒரு லாட்டுக்கு ஒரு முறைதான்.

ஆன்லைனில் முன்கூட்டியே உச்சவரம்பு போட்டு வைப்பவர்கள்: இரண்டு பேர் ஒரே தொகை போட்டிருந்தால் முதலில் போட்டவருக்கே. கடைசி நிமிஷம் வரை ஒளித்து வைப்பதால் லாபம் இருக்கிறது என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

*

“ஒரிஜினலில் கலரே இல்லையே, ஏமாற்றா?” என்று கேட்ட நண்பருக்கு: இல்லை. பெரும்பாலான அமெரிக்க மாத இதழ்களின் பக்கம் கறுப்பு வெள்ளைதான், கலர் வேலை தனியாக நடக்கும். கலர் கைடு என்று லாட் வந்தால் அது அச்சகத்துக்கு வழிகாட்ட நகலின் மேல் வண்ணம் தீட்டியது, விலையும் அதற்கேற்ற மாதிரிதான்.

*

பக்கத்தைப் பார்க்கும் முறை. ஏலத்துக்கு முன் பார்வை நாள் இருக்கும். போக முடியாதவர்கள் பெரிய ஸ்கேனும், பின்பக்கத்தின் ஸ்கேனும் கேட்டு வாங்குங்கள்.

முதலில் அளவு. 1967 வாக்கில் வரையும் அட்டை சிறிதானது. அதற்கு முன் படப்பரப்பு சுமார் 12.5 × 18.5 அங்குலம், பிறகு 11 × 17 அட்டையில் 10 × 15. 1963 பக்கம் என்று சொல்லிச் சிறிய அளவில் வந்தால் அங்கேயே நில்லுங்கள். பிற்காலத்தில் அதே படத்தைப் பார்த்துத் திரும்ப வரைந்த ரீக்ரியேஷனாக இருக்கலாம். அதை அதே ஓவியரே போட்டிருந்தாலும் அச்சான பக்கத்தின் விலை கிடையாது. கேட்லாக்கில் அந்தச் சொல் பத்தியின் நடுவில் சத்தமில்லாமல் நிற்கும்.

அடுத்து, அச்சான இதழைப் பக்கத்தில் வைத்துக் கட்டம் கட்டமாக ஒப்பிடுங்கள். இதழில் இல்லாதவை ஒரிஜினலில் இருக்கணும்: மை ஓரத்தில் அழிக்காமல் விட்ட பென்சில் கோடு, அச்சில் விழாத நீலப் பென்சில், வெள்ளை பூசித் திருத்திய மூக்கு, ஓரத்தில் எடிட்டரின் குறிப்பு. பழைய பக்கங்களில் பின்னால் காமிக்ஸ் கோட் (அமெரிக்க காமிக்ஸ் துறையின் தணிக்கை அமைப்பு) முத்திரையும் இருக்கலாம். எல்லாக் கோடும் ஒரே கறுப்பில் வழவழவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஒட்டு விஷயம் தனி. தலைப்பு எழுத்து, சில நேரம் ஒரு முழு முகம்கூட, ஃபோட்டோஸ்டாட் எடுத்து ரப்பர் சிமெண்டால் ஒட்டியிருப்பார்கள். பசை வருஷக்கணக்கில் காய்ந்து பழுப்பு மஞ்சளாகும். ஒட்டு உதிர்ந்துவிட்டால் செவ்வகக் கறை மட்டும் மிஞ்சும். கறை அந்தக் காலப் பக்கத்துக்கு இயல்பு, பயப்படாதீர்கள். நாயகன் முகமே ஸ்டாட் என்றால்தான் விலையைக் குறைக்கணும், அங்கே ஓவியரின் கை இல்லை. இந்திய மை மங்காமல் நிற்கும். மார்க்கர் பேனா பழுப்பாகி மங்கும். பெரிய கறுப்புப் பரப்புகளைச் சாய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

புதிய பக்கங்களில் இன்னொரு பொறி. ஒருவர் பென்சிலில் வரைந்ததை ஸ்கேன் செய்து, நீலக் கோட்டில் வேறு அட்டையில் அச்சிட்டு, அதன் மேல் இன்னொருவர் மை போடுவார். அப்படி வந்த மைப் பக்கத்தில் பென்சில் ஓவியரின் கை படவே இல்லை. “பென்சில் தனியாக இருக்கிறதா, யாரிடம்?” என்று கேட்டாக வேண்டும். பலூனில் எழுத்து இல்லாததற்கு மட்டும் பதறாதீர்கள், கம்ப்யூட்டரில் எழுத்து போட ஆரம்பித்த பிறகு வந்த பக்கங்கள் அப்படித்தான் இருக்கும்.

*

இதோடு ஒன்று: பக்கம் யாரிடமிருந்து வந்தது. அறுபதுகளில் மார்வெல் நிறுவனத்துக்கு வரைந்த பக்கங்கள் அப்போது ஓவியர்களிடம் திரும்பவில்லை. ஓவியர் ஜாக் கிர்பி அங்கே பத்தாயிரம் பக்கங்களுக்கு மேல் வரைந்தவர். நிறுவனத்தோடு நடந்த பெரிய சண்டைக்குப் பிறகு 1987-இல் அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய இரண்டாயிரம். மீதியில் களவு போனதும் உண்டு. அதனால் அந்தக் காலப் பக்கத்துக்கு முந்தைய ஏல ரசீது, டீலர் பில், எது இருந்தாலும் நகல் கேளுங்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போது உங்களிடமும் இதையேதான் கேட்பார்கள்.

*

ஹாலைப் பற்றி இரண்டே வரி. ஒரு லாட்டுக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடைக்காது, “ஒரு தரம், இரண்டு தரம்” என்று இழுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். உங்கள் லாட்டுக்கு இருபது லாட் முன்னாடியே உட்காருங்கள், ஏலக்காரரின் வேகம் பிடிபடும். இன்டர்நெட்டில் கேட்பவர்களுக்குப் படம் சில நொடி தாமதமாக வரும். திரையில் பழைய தொகை தெரியும்போதே அங்கே சுத்தியல் விழுந்திருக்கும். விட முடியாத பக்கம் என்றால் போனில் ஏலம் கேட்க முன்னாடியே பதிவு செய்துவிடுங்கள்.

பொருள் வந்ததும் பெட்டியை மேசையில் தட்டையாக வைத்துப் பிரியுங்கள். உள்ளே பிளாஸ்டிக் உறையைச் சாய்த்தால் தளர்ந்த ஒட்டு அடிமூலைக்கு வழுக்கிக் கிடக்கும். பலர் அதைக் குப்பை என்று உதறிவிடுகிறார்கள்.