கணிப்புச் சந்தையில் 'சிறை' என்றால் எது? தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பாலிமார்க்கெட், கால்ஷி போன்ற கணிப்புச் சந்தைகள் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு நிகழ்வு நடக்குமா, நடக்காதா என்று பணம் போட்டு 'ஆம்' அல்லது 'இல்லை' பங்குகளை வாங்கி விற்கும் தளங்கள் இவை. ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன்.

'ஆம்' பங்கு 30 சென்ட் என்றால், நடக்க ஏறத்தாழ 30 சதவீத வாய்ப்பு. நடந்தால் பங்குக்கு 1 டாலர், இல்லையென்றால் ஒன்றுமில்லை. இதுவரை சரி.

ஆனால் 'முன்னாள் தலைவர் சிறைக்குப் போவாரா?' என்ற கேள்வியில் எதைச் சிறை என்று எடுத்துக்கொள்வது? டிரம்ப் மீதான 34 குற்றச்சாட்டுகளும் 2024 மே மாதம் நியூயார்க்கில் நிரூபணமாயின. 2025 ஜனவரியில் சிறையும் இல்லை, அபராதமும் இல்லை என்று நீதிபதி அறிவித்தார். பிரான்ஸின் முன்னாள் அதிபர் சர்கோசிக்கு 2025 செப்டம்பரில் 5 ஆண்டுத் தண்டனை. அக்டோபர் 21 அன்று பாரிஸின் லா சான்தே சிறைக்குள் போனவர், மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே 20 நாளில் வெளியே வந்துவிட்டார். தீர்ப்பு, தண்டனை, உள்ளே போவது மூன்றும் வேறு வேறு என்பதுதான் என்னை உறுத்துகிறது.

சந்தையின் விதிகளில் வீட்டுக்காவல், விசாரணைக் காவல் எல்லாம் எப்படிக் கணக்காகின்றன? அப்புறம், முடிவு தெரியும்வரை மாதக்கணக்கில் பணம் முடங்குவதால் விலை எந்தப் பக்கம் சாயும்? இந்தச் சந்தைகளின் விதிகளை வரிவரியாகப் படித்தவர்கள் இருந்தால், தயவுசெய்து விளக்குங்கள். தவறாக எழுதிவிடக் கூடாது என்று உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.